பிள்ளைகளோடு நீலகிரிக்குக் குடிவருவோர் வீடு தேர்ந்தெடுப்பது எப்படி?

துபாய், சிங்கப்பூர், லண்டன், டொரண்டோ என்று பல வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளோடு தமிழ்நாடு திரும்பும் குடும்பங்களில் சில, சமவெளி வெயிலை நினைத்து மலையைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலும் அவர்கள் முதலில் செய்வது, இணையத்தில் தேயிலைத் தோட்டம் தெரியும் ஜன்னலைப் பார்த்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது. பள்ளியை அதன் பிறகு தேடுகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மே மாதத்தில் தெரியவருகிறது, வீட்டுப் பின்சுவர் எப்படிப்பட்டது என்பது நவம்பரில்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பள்ளி, பிறகு சாலை, பிறகு மழை, பிறகு சரிவும் தண்ணீரும். வீட்டின் அழகு கடைசியில். ஒரு வருடம் முழுக்க வாடகைக்கு இருந்து இரண்டு மழையையும் ஒரு பனியையும் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

முதல் படி: பள்ளியை முடிவு செய்யுங்கள்

நீலகிரியின் பெயர்பெற்ற பள்ளிகளில் பல விடுதிப் பள்ளிகள். 1858-ல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, ஊட்டி ஹெப்ரான், குட் ஷெப்பர்டு போன்றவற்றின் பெயரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் வீடு எடுத்தால் பிள்ளை தினமும் போய்வரலாம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. வீட்டிலிருந்து வரும் மாணவர்களைச் சேர்க்கிறார்களா, எந்த வகுப்பில், எத்தனை பேரை என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். விடுதியில்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, அப்போது தேடும் வட்டம் முழுதாக மாறிவிடும்.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, மீண்டும் வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் சர்வதேசப் பாடத்திட்டங்களான கேம்பிரிட்ஜ் அல்லது ஐபி, இங்கேயே மேற்படிப்பு என்றால் மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ மூன்றில் ஒன்று. எட்டாம் வகுப்புக்கு மேல் இருக்கும் பிள்ளைக்கு இதை இடையில் மாற்றுவது கடினம். தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் நடைமுறை உள்ளது. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதத் தெரியாத பிள்ளைகளே அதிகம் வருகிறார்கள். எந்த வகுப்பில், எந்த அளவுக்குத் தமிழ் எழுத வேண்டும், விலக்கோ அவகாசமோ உண்டா என்று சேர்க்கையின்போதே தெளிவாகக் கேளுங்கள். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே அரிச்சுவடியில் தொடங்கிவிட்டால் பிள்ளைக்கு முதல் பருவம் பாரமாக இருக்காது.

வயதையும் பாருங்கள். முதல் வகுப்புக்கு மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து வயது முடிந்திருந்தால் சேர்க்கிறார்கள், கேந்திரிய வித்யாலயாவில் ஆறு கேட்கிறார்கள். வெளிநாட்டில் படித்த வகுப்பின் எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு வருடம் முன்னே பின்னே போய்விடும்.

கொண்டுவர வேண்டியவை: பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருட மதிப்பெண் அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை. ஆவணம் உண்மையானது என்று சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரையை அந்த நாட்டிலேயே வாங்கிவிடுங்கள்; துபாய் போல அப்போஸ்டில் நடைமுறை இல்லாத இடமென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றை வாங்குங்கள். இங்கே வந்த பிறகு அதற்காகக் கூரியர் அனுப்பிக் காத்திருப்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

இரண்டாம் படி: கிலோமீட்டரை மறந்து நிமிடத்தை எண்ணுங்கள்

மலைச்சாலையில் பத்து கிலோமீட்டர் என்பது சாதாரண நாளில் அரை மணி நேரம். மூடுபனியில் முக்கால் மணி. குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 19 கிலோமீட்டர், கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 29. வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை கோத்தகிரியிலிருந்து தினமும் ஊட்டிப் பள்ளிக்குப் போய்வந்தால் வளைவுகளில் குமட்டல், வாந்தி, சாயங்காலச் சோர்வு எல்லாம் சேர்ந்து இரண்டே வாரத்தில் பள்ளி என்றாலே அழ ஆரம்பித்துவிடும். ஒரு வழிக்கு 25 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

இன்னொன்று வெளியூர்க்காரர்கள் யோசிக்காதது. மழைக்கு விடுமுறையைக் கலெக்டர் பெரும்பாலும் தாலுகாவாரியாக அறிவிக்கிறார். ஜூலையில் ஊட்டி, குந்தா, கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு விடுமுறை என்றால் குன்னூர், கோத்தகிரியில் பள்ளி நடக்கும். நவம்பரில் அது தலைகீழாகும். வீடு ஒரு தாலுகாவிலும் பள்ளி இன்னொன்றிலும் இருந்தால், வீட்டு வாசலில் மரம் விழுந்து கிடக்கும் நாளிலும் பள்ளி திறந்திருக்கும். அண்ணன் ஒரு தாலுகாவிலும் தங்கை இன்னொன்றிலும் படித்தால் குழப்பம் இரட்டிப்பு.

பள்ளி வேன் மெயின் ரோட்டோடு நின்றுவிடும், உள்ளே வராது. வீட்டிலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி, எவ்வளவு தூரம், அந்த வழியில் விளக்கு இருக்கிறதா என்று காலை ஏழு மணிக்கு ஒரு முறையும் மாலை ஐந்தரைக்கு ஒரு முறையும் நடந்து பாருங்கள். நண்பகலில் வீடு பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. குன்னூரில் எத்தனையோ வீடுகள் ரோட்டுக்குக் கீழே அறுபது, எழுபது படி இறங்கித்தான் இருக்கின்றன. காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, காய்ச்சலில் துவண்ட பிள்ளை எல்லாம் அந்தப் படியில்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்த மழை உங்களுக்குத் தாங்கும்?

இதில்தான் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் நீலகிரி வானிலையில் ஒரே மலை அல்ல.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்கத்தை அடிக்கிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி, எமரால்டு பகுதிகள் அதன் வாயில் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பெய்தது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குச் சரிவுகளுக்கு வரும். குன்னூர், கோத்தகிரி, கேத்தி, பர்லியார் எல்லாம் அப்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மாவட்டம் முழுக்க மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊட்டிக்கு இரண்டு மழையும் உண்டு.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான, குளிர்காற்று தேங்கும் இடங்களில் உறைபனி விழும். இரவில் சுழியத்தைத் தொடும். டொரண்டோவில் இருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் அங்கே வீட்டுக்குள் ஹீட்டர் ஓடியது. இங்கே பழைய வீடுகளில் ஜன்னல் இடுக்கு வழியே காற்று வரும், சுவர் குளிர்ந்தே கிடக்கும், பிள்ளை வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்துதான் படிக்கும். ஆஸ்துமா, மூச்சிரைப்பு உள்ள பிள்ளை என்றால் ஜூலை மாத ஊட்டி ஈரமும் சுவர்ப் பூஞ்சையும் சோதிக்கும். ஊட்டியில் மாவட்டத் தலைமை அலுவலகங்களும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பல வகைப் பள்ளிகளும் கையெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய வசதி. அதற்குக் கொடுக்கும் விலை, ஏப்ரல் நடுவிலிருந்து மே முடிய வரும் சீசன் நெரிசல்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர். குளிர் மிதம், கோவைக்கு ஊட்டியைவிடப் பக்கம், லாலி அரசு மருத்துவமனை ஊருக்குள்ளேயே. ஊர் செங்குத்தானது, சமதளம் அரிது, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் தேட வேண்டும். அந்தக் குறைக்கு வெலிங்டன், அருவங்காடு பக்கம் கொஞ்சம் பதில் உண்டு. வெலிங்டன் ராணுவக் கன்டோன்மென்ட் என்பதால் வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள் குறைவு.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது கோத்தகிரிதான். தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்கு மழையின் வேகத்தைத் தடுத்துவிடுவதால், ஊட்டி நனைந்து கிடக்கும் ஜூலையிலும் இங்கே வெயில் முகம் காட்டும். மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 33 கிலோமீட்டர், குன்னூர்ச் சாலையைவிட வளைவுகள் இதமானவை. குறை, பத்தாம் வகுப்புக்கு மேல் தேர்ந்தெடுக்கப் பள்ளிகள் குறைந்துவிடும், சிறப்பு மருத்துவர்களுக்குக் கீழே இறங்க வேண்டும். அரவேணு, கட்டபெட்டு, டானிங்டன் சுற்றுப்புறங்களைப் பாருங்கள். சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி அழகான இடங்கள், ஆனால் பள்ளிப் பிள்ளைக்குத் தூரம்.

கூடலூர், பந்தலூர் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம்தான், இதமான வெப்பம். மலையாளமும் தமிழும் கலந்து பேசும் ஊர்கள், அவசரத்துக்குக் கேரளத்திலுள்ள பெரிந்தல்மண்ணா, சுல்தான் பத்தேரி மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். ஆனால் யானை நடமாட்டம் அன்றாடச் செய்தி, மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி, மின்தடை. நிலத்தில் பிரிவு 17 சிக்கல் வேறு, அதைக் கீழே சொல்கிறோம். உறவோ வேலையோ அங்கே இல்லாதவர்கள் முதல் வருடமே அங்கே தொடங்குவதை நாங்கள் சொல்லமாட்டோம்.

நான்காம் படி: சரிவைப் படியுங்கள்

ஊரை முடிவு செய்த பிறகு வீட்டைப் பார்க்கும் முன் வீட்டைச் சுற்றி நடங்கள். மண்ணை வெட்டிச் சமதளமாக்கிக் கட்டிய வீடுகளே இங்கே அதிகம், ஆபத்து வரும் பக்கம் பின்சுவர்.

பின்பக்கம் வெட்டிய மண்மேடு செங்குத்தாக, தடுப்புச்சுவர் இல்லாமல் நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். தடுப்புச்சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் வருகிறதா பாருங்கள். துளை அடைபட்ட சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கி, ஊறிய மண்ணின் எடை சுவரைத் தள்ளிக்கொண்டு விழும். வயிறு தள்ளிய சுவர், மேட்டில் நீளவாக்கில் விரிசல், அடியில் வளைந்து சாய்ந்து நிற்கும் மரங்கள், வாசல் படிக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப்போன இடைவெளி, இவை மண் நகர்கிறது என்பதற்கான அடையாளங்கள். மேலே புதிதாக யாராவது சரிவை வெட்டுகிறார்களா என்றும் பாருங்கள். நீலகிரியில் பொக்லைன், ஜேசிபி பயன்படுத்தக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்தக் காரணத்துக்காகத்தான் இருக்கிறது.

காய்ந்த ஓடைமேல் வீடு நிற்கிறதா என்று வெயில் காலத்தில் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள்: "2009 மழையில இந்த இடம் எப்படி இருந்துச்சுங்க அண்ணா? தண்ணி எந்தப் பக்கமா இறங்குச்சு?" புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார். மாவட்ட நிர்வாகம் மண்சரிவு அபாயமுள்ளவை என்று 283 இடங்களைக் கணக்கெடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள்.

வெயில் படும் திசையையும் பாருங்கள். காலை வெயில் விழும் கிழக்கு, தென்கிழக்குச் சரிவு வீடுகளில் துணி காயும், பூஞ்சை குறையும். மலையின் நிழலில் மதியம் வரை கிடக்கும் வீட்டை எவ்வளவு வாடகை குறைத்துக் கொடுத்தாலும் பிள்ளைகளுக்காக வேண்டாம் என்றுவிடுங்கள்.

ஐந்தாம் படி: வீட்டுக்குள்

வீட்டை ஜூலையிலோ நவம்பரிலோ பார்ப்பது நல்லது. ஏப்ரலில் எல்லா வீடும் நல்ல வீடுதான், புதுச் சுண்ணாம்பு வாசம் வந்தால் எதை மறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அலமாரியைத் திறந்து பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள், மெத்தைக்கு அடியில் முகர்ந்து பாருங்கள், மலையை ஒட்டிய அறைச் சுவரில் முழங்கால் உயரத்தில் கை வைத்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு இந்தக் கேள்விகள்: நகராட்சிக் குழாயா, ஊற்றுநீரா, லாரியா? மே மாதம் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது? தொட்டி எத்தனை லிட்டர்? ஊட்டிக்குப் பார்சன்ஸ்வேலி, குன்னூருக்கு ரேலியா அணை முக்கிய ஆதாரங்கள். கோடையில் பல பகுதிகளுக்குச் சில நாட்களுக்கு ஒரு முறைதான் தண்ணீர் விடுவார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 400 லிட்டர் என்று வைத்தால் ஐந்து நாளைக்கு 2,000 லிட்டர் தொட்டி குறைந்தபட்சம். ஊற்றுநீர் என்றால் மேலே தேயிலைத் தோட்டமோ காய்கறித் தோட்டமோ இருக்கிறதா, மருந்து அடிக்கிறார்களா பாருங்கள். இருந்தால் குடிக்க வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் காஸ் கீசர் இருந்தால், குடிவரும் முன்பே அதை வெளியே மாற்றச் சொல்லுங்கள் அல்லது மின்சாரக் கீசர் வையுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படித் தூக்கத்திலேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள். கணப்பு இருக்கும் பழைய பங்களா என்றால் புகைபோக்கி அடைப்பு எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வெளிநாட்டு வீட்டில் இருந்திருக்கும், அதைப் பெட்டியில் போட்டு எடுத்துவாருங்கள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கைபேசிச் சிக்னலை ஒவ்வொரு அறையிலும் சோதியுங்கள். ஒரு வளைவு தாண்டினால் சிக்னல் செத்துவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் ஒரு நாள் முழுக்கக்கூட மின்சாரம் இருக்காது, இன்வெர்ட்டர் இல்லாமல் இங்கே வேலை நடக்காது.

ஆறாம் படி: காட்டுயிரோடு பக்கத்து வாசம்

குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமை தெருவுக்குள்ளேயே நிற்கும். கரடி சமையல் எண்ணெய் வாசத்துக்கு வரும், சிறுத்தை நாய்க்கு வரும். 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, வீடு தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை இதனால் மாறுகின்றன. கழிவறை வீட்டுக்குள் இருக்க வேண்டும். வாசலிலும் ரோட்டுக்குப் போகும் வழியிலும் விளக்கு வேண்டும். வீட்டைச் சுற்றிப் பதினைந்து அடிக்காவது உண்ணிச்செடிப் புதர் இல்லாமல் வெட்டியிருக்க வேண்டும். சமையல் கழிவு இரவில் வெளியே கிடக்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள்: காட்டெருமை வழியில் நின்றால் அது போகும்வரை வீட்டுப் பக்கம் திரும்பி வந்து காத்திருக்க வேண்டும், கல் எறியவோ கைபேசி வெளிச்சம் அடிக்கவோ கூடாது. நாய், குரங்கு கடித்தால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும், காயத்தைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி போட வேண்டும்.

ஏழாம் படி: காகிதங்கள்

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் தேவை. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. சீசனில் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்பதால், ஏப்ரலில் காலி செய்யச் சொல்வது இங்கே அடிக்கடி நடக்கிறது. "ஏப்ரல், மே மாதங்களிலும் குடியிருப்பு தொடரும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகளிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் வருமுன்பே ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) வாங்கிவிடுவது நல்லது. விசாவில் வந்து 180 நாட்களுக்கு மேல் தங்குபவர்கள் 14 நாட்களுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், ஓசிஐ உள்ளவர்களுக்கு அந்தப் பதிவு தேவையில்லை. விசாவில் இருப்பவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், இதை அவருக்கு நீங்களே நினைவுபடுத்துங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் இதை முதலில் படியுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்க முடியாது. தேயிலை நடுவே இருக்கும் அந்த அரை ஏக்கர் காகிதத்தில் தோட்ட நிலமாகவே இருக்கும். பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலைக்கு வாங்கக் கூடாது. புரோக்கர் "பெயரை மாத்திக்கலாம்ங்க" என்பார், நம்பாதீர்கள். கூடலூர், பந்தலூரில் 1969-ம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின், குத்தகைத் தோட்டங்கள் பற்றிய 17-ம் பிரிவில் சிக்கி உரிமை முடிவாகாத நிலங்களுக்குப் பட்டா இல்லை, வீடு கட்டி மின் இணைப்புக் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு. சீகூர் பீடபூமியில் மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தட அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதிசெய்திருக்கிறது, அங்கே கட்டடம் வாங்குவது வழக்கை வாங்குவது.

வந்த முதல் மாதம்

2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 பதிவு வண்டிகளுக்குத் தேவையில்லை, வேறு பதிவு வண்டியோடு குடிவந்தால் உள்ளூர்வாசிக்கான பாஸுக்கு முகவரிச் சான்றோடு விண்ணப்பியுங்கள். உங்களைப் பார்க்க வரும் மாமா, சித்தி வண்டிக்கும் பாஸ் வேண்டும், வெளிநாட்டுக் கைபேசி எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் வழியே எடுக்கலாம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் சோதனைச்சாவடியிலேயே பிடுங்கப்படும், பிள்ளைகளுக்கு எவர்சில்வர் பாட்டில் கொடுத்து ஏற்றுங்கள். வரும் வழியில் வாந்தி வராமல் இருக்க, மலையேறும் முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், மேட்டுப்பாளையத்தில் இட்லியோடு நிறுத்தி அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

அருகிலுள்ள மருத்துவமனைக்கு இரவு பத்து மணிக்கு ஒரு முறை வண்டி ஓட்டிப் போய்ப் பாருங்கள். குழந்தைத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் கோவைக்குப் போக வேண்டியிருக்கலாம், ஊட்டியிலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம். குன்னூர்ச் சாலை மண்சரிவில் மூடினால் கோத்தகிரி வழி, அதையும் பகலில் ஒரு தடவை ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இந்த மூன்றையும் குளிர்பதனப் பெட்டிமேல் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டி, கூடவே வீட்டு முகவரியைத் தமிழில் எழுதி, அதை அவர்களே வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். பனிமூட்டத்தில் ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொல்ல, எந்த பஸ் நிறுத்தம், எந்தக் கடைக்கு எதிர்ச் சந்து என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.